காலைப் பார்த்து வாசிக்கிறோம்

வாசகர் கேள்வி–பதில் பகுதியில் இந்த முறை பதில் சொல்பவர் குன்னூரைச் சேர்ந்த ஒரு கொங்கா (கையால் தட்டும் உயரமான கியூபா மேளம்) கலைஞர். கியூபா, டிரினிடாட், ஜமைக்கா பக்கத்து ஆட்டப் பாட்டுகளை வாசிக்கும் ஏழு பேர் கொண்ட குழுவில் 38 ஆண்டுகளாக இருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

குன்னூர் என்றால் வார்க்கி, தேயிலை, மலை ரயில். அங்கே கியூபா பாட்டு எங்கிருந்து வந்தது?
— வாசகர், கோவை

கிளப் வழியாக வந்தது. துரைமார் காலத்திலிருந்தே இந்த மலையில் சனிக்கிழமை ராத்திரி ஆட்டம் உண்டு. வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்புறம் ரும்பா, சா-சா-சா கேட்க ஆரம்பித்தார்கள். நான் சேர்ந்தபோது எங்கள் குழுவுக்கு அந்த வகையில் மொத்தம் நான்கு பாட்டுதான் தெரியும். அதையே வேகத்தைக் கூட்டிக் குறைத்து ராத்திரி முழுக்க ஓட்டுவார்கள். ட்ரம்பெட்காரர் வெலிங்டனில் ராணுவ பேண்டில் ஊதியவர். கீபோர்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். நான் பகலெல்லாம் ரோலர் சத்தத்தில் நின்றுவிட்டு, ராத்திரி கொங்காவைத் தூக்கிக்கொண்டு போவேன்.

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒரு தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளை எங்களிடம் விட்டுப்போனது. அதில் ஹாரி பெலஃபோன்டே 1956இல் வெளியிட்ட 'கலிப்ஸோ' தட்டு இருந்தது. ஜமைக்காத் துறைமுகத்தில் ராத்திரி முழுக்கக் கப்பலில் வாழைத்தார் ஏற்றியவர்களின் வேலைப்பாட்டு அதில் முதலாவது. பெயர் கலிப்ஸோ என்றாலும் பாட்டு ஜமைக்கா நாட்டுப்பாட்டு, கலிப்ஸோ டிரினிடாட்டுக்காரர்களுடையது. 'விடிந்துவிட்டது, கணக்கு எழுதுகிறவரே, வந்து தாரை எண்ணும், வீட்டுக்குப் போக வேண்டும்' என்பதுதான் சாரம். ஒரு எஸ்டேட் விழாவில் இதைத் தமிழில் விளக்கிவிட்டு வாசித்தோம். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, 'அட, இது நம்ம கணக்கப்பிள்ளை கதைதானே' என்றார். பறித்த கொழுந்தோடு தராசுக்கு முன்னால் வரிசையில் நின்றவருக்கு அந்தப் பாட்டுக்கு உரை தேவையே இல்லை. அன்றைக்குத்தான், இது கிளப்புக்காரர்களுக்கு மட்டும் உரிய இசை இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

நான் மிருதங்கம் கற்கிறேன். 'கிளாவே' என்று நீங்கள் அடிக்கடி சொல்வது என்ன? தாளமா, வாத்தியமா?
— மாணவர், கோத்தகிரி

இரண்டும்தான் தம்பி. ஒரு சாண் நீளத்தில் இரண்டு கெட்டி மரக்கட்டைகள். அதற்கும் கிளாவே என்றுதான் பெயர். அதை வைத்துத் தட்டும் ஐந்து தட்டுக்கும் அதே பெயர். கியூபா இசையில் எல்லாரும் அந்த ஐந்து தட்டுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

நீ மிருதங்கக்காரன், உனக்கு நான்கு நிமிஷத்தில் பிடிபட்டுவிடும். ஆதி தாளம் ஒரு ஆவர்த்தம் போடு. அட்சரத்துக்கு இரண்டு மாத்திரை, மொத்தம் பதினாறு. இப்போது சொல்: தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு; கூட்டினால் பதினாறு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் கட்டையைத் தட்டு. அவ்வளவுதான், 'சோன்' என்ற கியூபாப் பாட்டுவகையின் கிளாவே வந்துவிட்டது. முதல் பாதியில் மூன்று தட்டு, இரண்டாம் பாதியில் இரண்டு. பாதிகளை இடம் மாற்றினால் இரண்டு–மூன்று. பாட்டின் மெட்டு எந்தப் பாதியில் தொடங்குகிறதோ அதற்குத் தக்கபடி ஒன்றைத் தேர்ந்துகொண்டால், பாட்டு முடியும் வரை கட்டை மாறாது.

இதில் நாங்கள் மானம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். வெலிங்டன் ராணுவப் பணியாளர் கல்லூரிக்கு வெளிநாட்டு அதிகாரிகளும் படிக்க வருவார்கள். லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவரின் மனைவி ஒரு விருந்தில் எங்கள் வாசிப்புக்கு ஆட எழுந்தார். நாலு அடி வைத்தார், நின்றார். மறுபடி நாலு அடி, மறுபடி நின்றார். செருப்பில் ஏதோ குத்துகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். இடைவேளையில் நேராக மேடைக்கு வந்து, என் கையிலிருந்த கட்டையை வாங்கித் தட்டிக்கொண்டே பாடிக் காட்டினார். எட்டு வருஷமாக நாங்கள் அந்தப் பாட்டுக்கு மூன்று–இரண்டு தட்டிக்கொண்டிருந்தோம். அது இரண்டு–மூன்று பாட்டு. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எட்டு வருஷம் ஊர்வலம் போன மாதிரி. கிளப்பில் அத்தனை பேர் ஆடினார்கள், யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மாவின் காலுக்குத் தெரிந்தது.

அதிலிருந்து நான் ஆடுகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். முகம் மரியாதைக்குச் சிரிக்கும். காலைத்தான் பார்ப்பேன்.

இன்னொன்று. பேஸ் கிட்டாரைக் கவனி. சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், விழவே மாட்டான். நான்கு அட்சரம் ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் அட்சரத்தின் பின்பாதியிலும் நான்காவதிலும் விழுவான். அந்த நான்காவது அப்படியே அடுத்த சமத்தைத் தாண்டி நீளும். சமத்துக்கு முன்பே எடுப்பதை அதீத எடுப்பு என்று உன் குரு சொல்வாரே, அந்தக் குடும்பம். சமம் காலியாக இருப்பதால்தான் ஆடுகிறவர் தன் காலை அங்கே வைக்க இடம் கிடைக்கிறது.

மாம்போ, சா-சா-சா, சல்சா எல்லாம் ஒன்றுபோலவே கேட்கிறதே. என்ன வித்தியாசம்?
— வாசகி, பழனி

ஒரு குடும்பத்துப் பிள்ளைகள், அப்படித்தான் கேட்கும்.

மாம்போவை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் பெரெஸ் பிராடோ. கியூபாக்காரர், 1940களின் கடைசியில் மெக்ஸிகோவில் உட்கார்ந்து பெரிய ட்ரம்பெட், சாக்ஸபோன் படையோடு பதிவு செய்தார். முரட்டு ஊதல். இளம் ரத்தத்துக்குச் சரி.

சா-சா-சாதான் எனக்குப் பிடித்தது, காரணமும் சொல்கிறேன். ஹவானாவில் என்ரிக்கே ஹோரின் என்று ஒரு வயலின்காரர். தாளம் முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி விழுவதால் ஆடுகிறவர்களில் பலர் தடுமாறுவதைக் கவனித்தார். வேறொருவராக இருந்தால் 'ஆடத் தெரியாதவர்கள்' என்று சலித்துக்கொண்டிருப்பார். இவர் மெட்டைத் தாளத்தின் மேலேயே உட்காருமாறு எளிதாக்கி எழுதினார். ஜனம் ஆடியது. அவர்கள் மூன்று சின்ன அடி வைக்கும்போது செருப்பு தரையில் தேய்கிற சத்தம் 'சா-சா-சா' என்று கேட்டது. பெயரும் அதுவே ஆனது. 1953இல் அவருடைய பாட்டு பதிவாகி வெளிவந்ததும் ஊரே பிடித்துக்கொண்டது. வித்வானாக இருந்துகொண்டு இறங்கி வருவது லேசான காரியம் இல்லை.

சல்சா தனித் தாளம் இல்லை. கியூபாவின் சோன், மாம்போ, போர்ட்டோ ரிக்கோக்காரர்களின் கைவண்ணம் எல்லாம் நியூயார்க்கில் கலந்து, 1960கள், 70களில் அந்தப் பெயரில் விற்பனைக்கு வந்தது. 1964இல் தொடங்கிய ஃபானியா என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு அதில் பெரிய பங்கு. சல்சா என்றால் ஸ்பானிஷில் குழம்பு, சட்னி மாதிரி தொட்டுக்கொள்வது. பெயர் பொருத்தம்தான்.

மழைக்காலத்தில் என் தபேலா தொய்ந்துபோகிறது. உங்கள் கொங்கா மலைப்பனியில் எப்படித் தாங்குகிறது?
— வாசகர், கூடலூர்

தாங்கவில்லை ஐயா! தோல் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துவிடும், சுருதி இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்து உட்காரும். அப்போது கொங்காவைத் தட்டினால் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல இருக்கும். ஜனவரியில் நேர் எதிர். ஊட்டியில் உறைபனி, காற்று வறண்டு கிடக்கும், தோல் இழுத்துக்கொண்டு நிற்கும். ஒரு தடவை அசதியில் திருகைத் தளர்த்தாமல் படுத்துவிட்டேன். நடுராத்திரி வீட்டில் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். என் மனைவி திருடன் என்று எழுந்து உட்கார்ந்தாள். கூடத்தில் போய்ப் பார்த்தால் தோல் குறுக்கே கிழிந்திருக்கிறது. வாசித்து முடித்ததும் திருகைத் தளர்த்தி வைப்பது பல் துலக்குவது மாதிரி இப்போது.

திருகு வருவதற்கு முந்திய காலத்தில் கியூபாவில் கொங்காத் தோலை ஆணி அடித்துத்தான் பொருத்துவார்கள். சுருதி ஏற்ற வேண்டுமென்றால் நெருப்புக் காட்ட வேண்டியதுதான். நம் ஊரில் பறையை வைக்கோல் தீயில் காய்ச்சுகிறோமே, அதேதான். நானும் கரி அடுப்பில் காட்டியிருக்கிறேன். உங்கள் தபேலாவை அப்படிச் செய்துவிடாதீர்கள், நடுவில் இருக்கிற கரணை, அந்தக் கறுப்புப் பூச்சு, விரிசல் விட்டுவிடும். ஈரம் ஏறாத உறைக்குள் வையுங்கள்.

தோல் மட்டும் இல்லை. குளிரில் ட்ரம்பெட்டுக்குள் இருக்கிற காற்று குளிர்ந்து சுருதி இறங்கும். ஒரு டிகிரிக்கு, அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஏறக்குறைய மூன்று பங்கு. பதினைந்து டிகிரி குறைந்தால் கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் பாதி. கிட்டார் கம்பியோ குளிரில் இறுகிச் சுருதி ஏறும். ஒருவர் கீழே, ஒருவர் மேலே. ஆகவே எங்கள் ட்ரம்பெட்காரர் மேடையேறும் முன் பத்து நிமிஷம் ஸ்வெட்டருக்குள் வாத்தியத்தை அணைத்துக்கொண்டு, அதற்குள் சூடான காற்றை மட்டும் ஊதிக்கொண்டு நடப்பார். பார்க்கிறவர்கள் குழந்தையைத் தூங்கவைக்கிறார் என்று நினைப்பார்கள்.

என் தாத்தா இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர். அவர் பாடும் பைலாவுக்கும் உங்கள் இசைக்கும் உறவு உண்டா?
— வாசகி, கோத்தகிரி

உண்டு அம்மா, எங்கள் பாடகியே அந்த உறவில் வந்தவர்தான்.

1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படி வந்தவர்களில் பலரை நீலகிரியில் அரசின் டேன்டீ தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். கண்டிப் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள், மூட்டையோடு பாட்டையும் கொண்டுவந்தார்கள். பைலா என்ற சொல்லே போர்ச்சுக்கீசியம். 'ஆடு' என்று பொருள். போர்ச்சுக்கீசியரும் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கரும் இலங்கைக் கரையில் விட்டுச்சென்ற தாளம். அங்கே ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் எப்படிக் கலந்ததோ, அதேபோலத்தான் கரீபியனிலும் கலந்தது. ஒருவரையொருவர் பார்த்ததே இல்லாத ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

தாளம் மட்டும் வேறு. பைலா 'தகிட தகிட' நடை. நம் ஊரில் ஏ.ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' தெரியாதவர் உண்டா? அதைத் தொடையில் தட்டிப் பாருங்கள், பிடிபடும். எங்கள் பாட்டுகள் பெரும்பாலும் நான்கின் நடை. ஆனாலும் 1960களில் இலங்கையில் லா சிலோனியன்ஸ், லாஸ் கபலேரோஸ் என்று ஸ்பானிஷ் பாணியில் பெயர் வைத்துக்கொண்டு கலிப்ஸோ பாணியில் சிங்களப் பாட்டுப் பாடிய குழுக்கள் இருந்தன. அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர் எங்கள் பாடகியின் அப்பா. முதல் ஒத்திகைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர், சும்மா ஓரத்தில் இருந்த மராக்காஸை எடுத்துக் குலுக்க ஆரம்பித்தார். எங்களில் ஒருவருக்கும் அவ்வளவு சுத்தமாக வராது. 'எங்கே கற்றீர்கள்' என்றேன். 'லயத்துல பால்டின்ல அரிசி போட்டுக் குலுக்கினது' என்றார். உங்கள் தாத்தாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கரீபியனில் தமிழர்கள் இருக்கிறார்களாமே? அவர்கள் இசை உங்கள் குழுவில் உண்டா?
— வாசகர், காரைக்கால்

நீங்கள் கேட்கக்கூடிய கேள்விதான். உங்கள் ஊர்த் துறையிலிருந்துதானே கப்பல் போனது. பிரான்ஸ் 1848இல் அடிமை முறையை ஒழித்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். மார்த்தினிக்குக்கு 1853இல் முதல் கப்பல், குவாதலூப்புக்கு 1854இல். அங்கே மாரியம்மன் 'மாலியேமன்' ஆகிவிட்டாள், மதுரை வீரனும் 'மால்தேவிலன்' என்று வாய்க்கு வந்தபடி மாறிவிட்டார். பூசையில் அடிக்கும் கொட்டுக்கு மட்டும் இன்றும் 'தப்பு'தான் பெயர். மொழி போனாலும் கொட்டின் பெயர் போகவில்லை.

டிரினிடாட்டில் இந்தியர் இறங்கியது 1845இல்; பெரும்பாலும் வடக்கத்தியர், சென்னைத் துறையிலிருந்து போனவர்கள் கொஞ்சம். அங்கே லார்ட் ஷார்ட்டி என்ற கலிப்ஸோப் பாடகர் 1970களின் தொடக்கத்தில் டோலக்கைக் கலிப்ஸோவுக்குள் கொண்டுவந்து 'சோகா' என்ற புதுவகையை உண்டாக்கினார். அந்தப் பெயரில் இருக்கிற 'கா' இந்தியத் தாளத்துக்காக. நாங்கள் சோகா வாசிக்கும்போது டோலக் நிச்சயம் உண்டு. அதை வாசிப்பவர் பஜனை மடத்தில் கற்றவர். அவருக்கு நாங்கள் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஸ்பானிஷ் தெரிந்துதான் பாடுகிறீர்களா?
— வாசகர், கொடைக்கானல்

பாட்டுக்கு வேண்டிய அளவு. முன்பு அதுவும் இல்லை. வேர்க்கடலை விற்கிறவன் கூவுவதை வைத்து ஒரு பழைய கியூபாப் பாட்டு உண்டு. 1930இல் நியூயார்க்கில் பதிவாகி அமெரிக்காவையே ஆட்டிவைத்தது. ஸ்பானிஷில் வேர்க்கடலை 'மனீ'. உங்கள் ஊரில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு விழாவில், எங்கள் பழைய பாடகர் அதை அழுத்தம் திருத்தமாக 'மணீ... மணீ...' என்று இழுத்தார். கூட்டத்திலிருந்து ஒருவர் 'யாருப்பா கூப்பிடறது' என்று மேடைக்கு ஏறி வந்துவிட்டார். அவர் பெயர் மணி. நல்ல மனிதர், மீதிப் பாட்டு முழுக்க எங்களோடு நின்று குயிரோ தேய்த்தார். குயிரோ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, வரிவரியாகக் கீறிய சுரைக்குடுக்கை.

கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டு கேட்டால்?
— வாசகி, உடுமலை

வாசிப்போம். எம்.எஸ். விஸ்வநாதன் போங்கோவை வைத்துச் செய்ததையெல்லாம் கேட்டுத்தான் எனக்கே இந்த ஆசை வந்தது.

ஆனால் எதையும் கேட்காமலே ஆடியவர்களும் உண்டு. நீலகிரிப் படகர் இனத்தவரின் ஒரு ஹட்டியில், அதாவது ஊரில், கல்யாணம். நாங்கள் கும்பியா எடுத்தோம்; கொலம்பியாவின் கரீபியன் கரையோரத்து ஆட்டம், ஆற அமரப் போகும். வெள்ளை முண்டும் தலைப்பாகையுமாகப் பெரியவர்கள் எழுந்தார்கள், எங்களைச் சுற்றி வட்டம் கட்டினார்கள், தங்கள் அடியையே போட்டார்கள். முன்னே இரண்டு, பின்னே ஒன்று, ஒரு கைத்தட்டு. கும்பியாவையும் அதன் சொந்த ஊரில் வாத்தியக்காரர்களைச் சுற்றி வட்டமாகத்தான் ஆடுவார்கள். நாங்கள் நிறுத்த நினைத்தபோதெல்லாம் வட்டம் நிற்கவில்லை. ஒரே பாட்டு, நாற்பது நிமிஷம். என் கை வீங்கி, மறுநாள் சோறு பிசைய முடியவில்லை.

38 ஆண்டுகள் உடையாமல் ஒரு குழு! ரகசியம் என்ன?
— வாசகர், மேட்டுப்பாளையம்

நடுவில் இரண்டு தடவை உடைந்திருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியாது. ஒரு தடவை சோலோ யாருக்கு என்று. இன்னொரு தடவை பணம். ஒரு விடுதியில் டிசம்பர் முழுக்க வாசித்துவிட்டு, பிப்ரவரி வரை சம்பளத்துக்கு நடந்தோம். வெளியே காட்ட வேண்டிய கோபத்தை எங்களுக்குள் காட்டிக்கொண்டோம். அதற்குப் பிறகு வழக்கம் மாறியது. முன்பணம் பாதி. வருவதை எட்டுப் பங்காக்கி, ஆளுக்கு ஒன்று, எட்டாவது வேனுக்கும் தோலுக்கும். பாடகிக்கும் ஒரு பங்கு, மாட்டுமணி தட்டுகிறவருக்கும் ஒரு பங்கு. 'மணி தட்டுகிறதுக்கு என்ன வித்தை' என்று கேட்டவர்களை ஒரு பாட்டு முழுக்க ஏறாமல் இறங்காமல் தட்டச் சொன்னேன். யாரும் மறுபடி கேட்கவில்லை. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் இருப்பதால் ஒன்பதே முக்காலுக்குக் கடைசிப் பாட்டு. சண்டை போடத் தெம்பு இருக்கும்போதே வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

எனக்கு 61, என் மனைவிக்கு 57. இனிமேல் ஆடக் கற்க முடியுமா? வெட்கமாகவும் இருக்கிறது.
— வாசகர், திண்டுக்கல்

சா-சா-சாவில் ஆரம்பியுங்கள். கதவைச் சாத்திக்கொண்டால் வெட்கம் தீர்ந்தது.

எதிரெதிரே நில்லுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு எண்ணுங்கள். தொடங்கும்போது முதல் ஒன்றில் அசையாதீர்கள், இதுதான் கஷ்டம், எல்லாரும் ஒன்றிலேயே பாய்வார்கள். இரண்டில் உங்கள் இடது கால் முன்னே. மூன்றில் எடையை மறுபடி வலது காலுக்கே கொண்டுவாருங்கள். நான்கிலிருந்து அடுத்த ஒன்றுக்குள் மூன்று சின்ன அடி, நின்ற இடத்திலேயே: இடது, வலது, இடது. அடுத்து இரண்டில் வலது கால் பின்னே, மூன்றில் எடை இடது காலுக்கு, அப்புறம் வலது, இடது, வலது. அம்மா உங்களுக்குக் கண்ணாடி மாதிரி: நீங்கள் முன்னே வைக்கும்போது அவர் வலது காலைப் பின்னே வைப்பார். காலைத் தூக்க வேண்டாம், தேய்த்தால் போதும், முழங்காலுக்கும் நல்லது. மொசைக் தரையாக இருந்தால் காலுறை வேண்டாம், வழுக்கும்.

ஒரு வாரம் பாட்டே போடாதீர்கள், வாயால் எண்ணுங்கள். எண்ணாமலே அந்த மூன்று தேய்ப்பும் ஒரே சத்தமாகக் கேட்கிற அன்றைக்குப் பாட்டைப் போடலாம். மாடி வீடு என்றால் கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.